வாக்மேனுக்கு வாய்ப்பூட்டு

2004-ம் வருஷம், ஜூலை மாதம். டோக்கியோவில் ஒரு மனிதர் கடைக்குப் போய் சோனியின் புத்தம் புது வாக்மேன் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட் போடுகிற பழைய வாக்மேன் இல்லை இது. உள்ளே 20 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பெயர்தான் வாய்க்குள் நுழையாது. என்.டபிள்யூ-எச்.டி.1. வாக்மேன் பிறந்து 25 வருஷம் ஆனதை ஒட்டி வந்த மாடல். 13,000 பாட்டு பிடிக்கும் என்று விளம்பரம்.

நம் மனிதரின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பாட்டுகள் இருக்கின்றன. சொந்தக் காசில் வாங்கிய சி.டி.களிலிருந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எடுத்துச் சேர்த்தவை. எல்லாமே எம்பி3. ஒயரைச் சொருகுகிறார். கம்ப்யூட்டர், ஒரு டிஸ்க் வந்திருக்கிறது என்கிறது. பாட்டுகளை இழுத்து அதற்குள் போடுகிறார். சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒயரைப் பிடுங்கி, ஹெட்போனை மாட்டி, பட்டனை அமுக்குகிறார்.

ம்ஹூம். ஒரு பாட்டுகூட இல்லை.

பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த வாக்மேனுக்கு எம்பி3 தெரியாது. அதற்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்று. அட்ராக். அது சோனியின் சொந்த பாஷை. எனவே, சோனி கொடுக்கும் சோனிக்ஸ்டேஜ் என்கிற மென்பொருளை கம்ப்யூட்டரில் ஏற்றி, அத்தனை எம்பி3 பாட்டுகளையும் அட்ராக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியது. காலையில் பார்க்கலாம்.

இத்தனைக்கும், எம்பி3-ஐ அப்படியே பாடுகிற குட்டிப் பெட்டியை கொரியாவின் ஸேஹான் கம்பெனி 1998-லேயே விற்க ஆரம்பித்துவிட்டது. ஆப்பிளின் ஐபாட் 2001-ல் முதல் நாளிலிருந்தே பாடியது. உலகத்துக்கே பாக்கெட்டில் பாட்டு கேட்கச் சொல்லிக்கொடுத்த சோனிக்கு மட்டும் ஏன் முடியவில்லை? அங்கே இன்ஜினீயர்களுக்கா பஞ்சம்?

முடியாமல் இல்லை. கூடாது என்று வைத்திருந்தார்கள். அதற்குக் காரணம் ஒரு பழைய கணக்கு. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் ருசியான இடமும் அந்தக் கணக்குதான்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

முதல் வாக்மேன் 1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். விமானப் பயணத்தில் பாட்டு கேட்க ஏதாவது செய்து தரக்கூடாதா என்று சோனியின் நிறுவனர்களில் ஒருவரான மஸாரு இபுகா கேட்க, பத்திரிகையாளர்கள் பேட்டி எடுப்பதற்காக சோனி ஏற்கெனவே தயாரித்துக்கொண்டிருந்த பிரஸ்மேன் என்ற டேப் ரெக்கார்டரை எடுத்து, ரெக்கார்டிங் சமாசாரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ வைத்துக் கொடுத்தார்கள். ரெக்கார்டிங் இல்லாத டேப் ரெக்கார்டரை எவன் வாங்குவான் என்று கம்பெனிக்குள்ளேயே கேட்டார்கள். முதல் மாதம் சுமார் 3,000-தான் விற்றது. அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

வாக்மேன் வெற்றி பெற்றதற்கு ஒரு சின்ன ரகசியம் உண்டு. அதில் எந்த கேசட்டையும் போடலாம். சோனி கேசட், டி.டி.கே. கேசட், பக்கத்து வீட்டுப் பையன் ரேடியோவில் பதிவு செய்த கேசட், எதுவானாலும் சரி. யாருடையது, எங்கே வாங்கினாய், ரசீது எங்கே என்றெல்லாம் கேட்காது. எங்கள் தெரு முனை ரெக்கார்டிங் சென்டரில் பேப்பரில் 14 பாட்டு எழுதிக்கொடுத்து, மூன்று நாள் அலைந்து வாங்கிய கேசட்டும் பாடும். (அது சட்டப்படி சரியா என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.)

அதே சமயத்தில் அமெரிக்காவில் சோனி மேல் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாக்மேன் மீது அல்ல. வீடியோ ரெக்கார்டர் மீது. சோனி 1975-ல் பீட்டாமேக்ஸ் கொண்டுவந்தது. டி.வி.யில் வரும் படத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு அப்புறம் பார்க்கலாம். யுனிவர்சல் ஸ்டூடியோவும் டிஸ்னியும் 1976-ல் கோர்ட்டுக்குப் போய்விட்டன. எங்கள் படத்தைக் காப்பி அடிக்க மெஷின் விற்கிறார்கள் என்பது புகார். கீழ்க் கோர்ட்டில் சோனி ஜெயித்தது. மேல் கோர்ட்டில் தோற்றது. 1982-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் ஆஜரான சினிமா தயாரிப்பாளர் சங்கத் தலைவர் ஜாக் வேலன்டி, வீடியோ ரெக்கார்டரை பாஸ்டன் நகரத்துப் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கொலைகாரனோடு ஒப்பிட்டுப் பேசினார். நிஜமாகவே பேசினார்.

கடைசியில் 1984 ஜனவரி 17. சுப்ரீம் கோர்ட். ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் சோனி ஜெயித்தது. வீட்டில் ஒருவர் டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு செய்து வேறு நேரத்தில் பார்ப்பது திருட்டு ஆகாது, அது வெறுமனே நேரத்தை மாற்றிவைத்துக்கொள்வதுதான் என்றது தீர்ப்பு. நியாயமான உபயோகம் இருக்கிற ஒரு கருவியை, சிலர் தப்பாக உபயோகிக்கலாம் என்பதற்காக விற்கக்கூடாது என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். அன்றைக்கு மக்களின் காப்பி எடுக்கும் உரிமைக்காக நின்று ஜெயித்த கம்பெனி சோனி. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கோர்ட்டில் ஜெயித்த பீட்டாமேக்ஸ் கடைத்தெருவில் வி.எச்.எஸ்.ஸிடம் தோற்றது. சோனி பெரியவர்கள் யோசித்தார்கள். மெஷின் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதில் போடப் படம் வேண்டும், பாட்டு வேண்டும். அது நம் கையில் இருந்தால் யார் நம்மை அசைக்க முடியும்? 1988 ஜனவரியில் அமெரிக்காவின் சி.பி.எஸ். ரெக்கார்ட்ஸை 200 கோடி டாலருக்கு வாங்கினார்கள். மைக்கேல் ஜாக்ஸனிலிருந்து பாப் டிலன் வரை ஒரே நாளில் சோனி குடும்பம். அடுத்த வருஷம் கொலம்பியா பிக்சர்ஸ்.

பேலன்ஸ் ஷீட்டில் பார்த்தால் பிரமாதமான சொத்து. ஆனால் இப்படி ஒரு சொத்து வீட்டுக்குள் வந்தால் கூடவே ஒரு மாமியாரும் வந்துவிடுவார். மெஷின் பிரிவுக்காரர், ஜனங்கள் சௌகரியமாகக் காப்பி எடுக்க ஒரு பெட்டி செய்கிறேன் என்பார். பாட்டுப் பிரிவுக்காரர், செய்துதான் பாரேன் என்பார். இரண்டு பேருக்கும் ஒரே முதலாளி. போதாக்குறைக்கு 1994-ல் சோனி தன்னைத் தனித்தனிக் கம்பெனிகள் மாதிரி எட்டாகப் பிரித்துக்கொண்டது. ஒவ்வொன்றும் தன் லாப நஷ்டத்துக்குத் தானே பொறுப்பு. காஸ்ட் அக்கவுண்டன்ஸி பாடத்தில் இதை மிகவும் புகழ்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். செலவு கட்டுப்படும், பொறுப்பு வரும் என்று. ஒரே வீட்டில் எட்டு அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பாடத்தில் வராது.

சரி, இந்த அட்ராக் எங்கிருந்து வந்தது?

1992-ல் சோனி மினிடிஸ்க் கொண்டுவந்தது. 64 மில்லிமீட்டர் குட்டித் தட்டு. பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். சி.டி. மாதிரி 74 நிமிஷம் பாட வேண்டும், ஆனால் சி.டி. அளவுக்கு இடம் கிடையாது. என்ன செய்வது? சி.டி.யில் ஒரு விநாடிப் பாட்டுக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட் செலவாகிறது. அதை ஐந்தில் ஒரு பங்கு ஆக்கினால்தான் மினிடிஸ்க்கில் அடங்கும். சுருக்கினார்கள். அந்தச் சுருக்கெழுத்தின் பெயர்தான் அட்ராக்.

எப்படிச் சுருக்குகிறார்கள்? கல்யாணத்தில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் வாசிக்கிறார்கள் அல்லவா? ஏன்? அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, அசட்டுப் பிசட்டென்று ஏதாவது சொல்லிவிட்டாலோ காதில் விழக்கூடாது என்று பெரியவர்கள் செய்த ஏற்பாடு. பெரிய சத்தம் இருக்கும்போது பக்கத்தில் உள்ள சின்னச் சத்தம் காதுக்குக் கேட்காது. பாட்டுக்குள்ளும் இது நடந்துகொண்டே இருக்கிறது. கேட்கவே போகாத சத்தத்தை எதற்கு எழுதி வைக்க வேண்டும்? தூக்கிப் போடு. இதுதான் அட்ராக்கின் தத்துவம். எம்பி3-க்கும் அதே தத்துவம்தான். ஆனால் எதை, எவ்வளவு, எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் இரண்டுக்கும் வழி வேறு.

எம்பி3 ஜெர்மனியில் பிறந்தது. எர்லாங்கனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்பவரும் சகாக்களும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து இழைத்தார்கள். ஸூஸன் வேகா என்கிற அமெரிக்கப் பாடகி, பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சுருக்கிப் பார்த்தார்கள். கெட்டிமேளம் இல்லாத வீடு மாதிரி. ஒளிய இடமே இல்லை. சின்னத் தப்பு செய்தாலும் அந்தம்மா குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதில் தேறினால் எதிலும் தேறும். 1995 ஜூலையில், இந்தக் கோப்புகளின் பெயருக்கு வால் எம்பி3 என்றே இருக்கட்டும் என்று தங்களுக்குள் முடிவு செய்தார்கள். இன்டர்நெட் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

1998-ல் அமெரிக்காவில் டயமண்ட் என்கிற கம்பெனி ரியோ என்றொரு பெட்டியைக் கொண்டுவந்தது. 200 டாலர். உள்ளே 32 எம்.பி. ஏறக்குறைய அரை மணி நேரப் பாட்டு, அவ்வளவுதான். இந்த அரை மணி நேரத்துக்கே அமெரிக்க ரெக்கார்டிங் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்கு ஓடியது. பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்தச் சங்கத்தில் அங்கத்தினர்கள். சோனி மியூசிக் உள்பட.

1999 ஜூனில் மேல் கோர்ட் தீர்ப்பு வந்தது. சங்கத்துக்குத் தோல்வி. ஏற்கெனவே ஒருவரின் கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டை அவர் கையோடு எடுத்துப்போக வசதியாக ரியோ இடம் மாற்றித் தருகிறது, சொந்த உபயோகத்துக்கு அப்படிச் செய்வது சட்டத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறது என்றது கோர்ட். இதைச் சொல்லும்போது ஒரு பழைய வழக்கைச் சுட்டிக்காட்டியது. எந்த வழக்கு?

1984. பீட்டாமேக்ஸ். சோனி ஜெயித்த வழக்கு! அன்றைக்கு நேரத்தை மாற்றிவைப்பது சரி என்றால், இன்றைக்கு இடத்தை மாற்றிவைப்பதும் சரிதானே?

ஆக, சோனி போராடி வாங்கிய தீர்ப்பு உலகத்து எம்பி3 பெட்டிகளுக்கெல்லாம் குடை பிடித்தது. அந்தக் குடைக்குக் கீழே வராமல், வெளியே மழையில் நின்ற ஒரே ஆசாமி சோனி.

அதே 1999-ன் கடைசியில் சோனியின் மெமரி ஸ்டிக் வாக்மேன் வந்தது. சின்னதாக இருக்கும். அழகான அழகு. உள்ளே 64 எம்.பி. அட்டை. கூடவே ஓப்பன் எம்.ஜி. ஜூக்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள். எம்பி3-ஐ நேராக ஏற்ற முடியாது. அட்ராக்குக்கு மாற்றி, அதைப் பூட்டி, சாவியைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பெட்டிக்கு அனுப்பும். அனுப்புவதற்கும் கணக்கு உண்டு. ஒரு பாட்டை மூன்று தடவைதான் வெளியே கொடுக்கும். நான்காவது பிரதி வேண்டுமென்றால், கொடுத்ததில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து கணக்கில் சேர்க்க வேண்டும். லெண்டிங் லைப்ரரி மாதிரி. ஆனால் லைப்ரரியில் புத்தகம் அவர்களுடையது. இங்கே பாட்டு உங்களுடையது, சி.டி.யைக் காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள், ரிஜிஸ்டர் மட்டும் அவர்களிடம்.

இந்த எட்டு அடுப்பு விஷயம் சொன்னேன் அல்லவா? 1999 நவம்பரில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் சோனித் தலைவர் நோபுயுகி இதெய் மேடையேறி இந்த மெமரி ஸ்டிக் வாக்மேனைக் காட்டினார். கையோடு இன்னொரு சோனிப் பாட்டுப் பெட்டியையும் காட்டினார். வயோ மியூசிக் கிளிப். கம்ப்யூட்டர் பிரிவு தனியாகச் செய்தது. வாக்மேன் பிரிவும் கம்ப்யூட்டர் பிரிவும் ஒரே காரியத்துக்கு ஒன்றுக்கொன்று போட்டியாக இரண்டு பெட்டி செய்திருந்தன. இரண்டும் அட்ராக் பாடும். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று சேராது.

இப்போது அந்த 13,000 பாட்டுக் கணக்குக்கு வருவோம். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லோரும் வைத்திருந்த சாதாரண எம்பி3-யில் விநாடிக்கு 128 கிலோபிட். நான்கு நிமிஷப் பாட்டு 3.84 எம்.பி. ஆகும். 20 ஜி.பி. டிஸ்க்கில் சுமார் 5,200 பாட்டு பிடிக்கும். ஐபாட்காரர்களும் 20 ஜி.பி.க்கு 5,000 என்றுதான் சொன்னார்கள். சோனிக்கு மட்டும் 13,000 எப்படி வந்தது? விநாடிக்கு 48 கிலோபிட்டுக்கு நசுக்கினால் வரும். நான்கு நிமிஷப் பாட்டு 1.44 எம்.பி.யாக ஒடுங்கிவிடும். ஏறக்குறைய 13,900 பாட்டு. கணக்கில் பொய் இல்லை. பாட்டில்தான் பாதியைக் காணோம்.

அதிலும் எம்பி3-லிருந்து மாற்றினால் இன்னும் மோசம். இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. எம்பி3 ஆக்கியபோதே பாட்டில் ஒரு பகுதி போய்விட்டது. அட்ராக் ஆக்க வேண்டுமென்றால் முதலில் அதை விரித்து முழுப் பாட்டு மாதிரி ஆக்க வேண்டும். விரித்ததால் போனது திரும்பி வந்துவிடாது. விரித்ததை இப்போது அட்ராக் தன் வழியில் இன்னொரு தடவை வெட்டும். ஒரு தையல்காரர் தைத்த சட்டையைப் பிரித்து, இன்னொரு தையல்காரரிடம் கொடுத்து, இதே துணியில் வேறு அளவுக்குத் தையுங்கள் என்றால் என்ன ஆகும்? இவர் எதைத் துணி என்று நினைக்கிறாரோ, அது அவர் போட்ட தையல் ஓட்டையாக இருக்கும். எம்பி3 செய்த சின்னச் சின்னக் கரகரப்பையெல்லாம் அட்ராக் சங்கீதம் என்று நினைத்துக்கொண்டு அதற்கும் இடம் ஒதுக்கும். நிஜ சங்கீதத்துக்கு இடம் போதாது. மூல சி.டி. கையில் இருந்தால் அதிலிருந்தே நேராக அட்ராக் ஆக்குவதுதான் உத்தமம். ஆனால் ஆயிரக்கணக்கான பாட்டை மறுபடி ஒரு முறை சி.டி. சி.டி.யாகப் போட்டு எடுக்க யாருக்குப் பொறுமை?

பாட்டையாவது விடுங்கள், கடையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்த இடம் வேறு.

மினிடிஸ்க்கில் ஒரு விசேஷம் உண்டு. மைக் சொருகிப் பதிவு செய்யலாம். ரொம்பத் துல்லியமாக இருக்கும். பேட்டி எடுக்கிற ரேடியோக்காரர்கள், கச்சேரி பதிவு செய்கிறவர்கள், பறவைச் சத்தம் பதிவு செய்கிறவர்கள், வீட்டில் குழந்தையின் மழலையைப் பிடித்து வைக்கிறவர்கள் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் அதை நம்பி இருந்தது. 2001-ல் நெட் எம்.டி. என்று யு.எஸ்.பி. ஒயர் வைத்த மினிடிஸ்க் வந்தது. ஆஹா, பதிவு செய்ததை இனி கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அங்கேதான் வைத்தார்கள் ஆப்பு. கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்குக்குப் போகலாம். டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வர முடியாது. ஒரு வழிப் பாதை!

டிஸ்க்கில் இருப்பது உங்கள் அப்பாவின் குரல். பதிவு செய்தவர் நீங்கள். காப்பிரைட் என்று ஒன்று இருந்தால் அது உங்களுடையது அல்லது அப்பாவுடையது. சோனிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனாலும் திருட்டு போய்விடும் என்று பூட்டு. ஹெட்போன் துளையில் ஒரு ஒயரைச் சொருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டரில் சொருகி, 74 நிமிஷ டிஸ்க்கை 74 நிமிஷமும் ஓடவிட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டியது. 50 டிஸ்க் வைத்திருந்தவர் 60 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். கேசட் காலத்து வேலை. பேட்டி எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்த 60 மணி நேரத்தின் எடை எனக்குத் தெரியும். பழைய டிஸ்க்குகளை யு.எஸ்.பி. வழியாகத் திருப்பி எடுக்கிற ஒரு வாக்மேனை சோனி கடைசியில் கொண்டுவந்தது. எம்.இஸட்-ஆர்.எச்.1. 2006-ல். அதற்குள் மினிடிஸ்க்குக்கு ஏறக்குறையப் பால் ஊற்றியாகிவிட்டது.

நடுவில் என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. 2001 அக்டோபர் 23, ஆப்பிள் ஐபாட். 5 ஜி.பி., 399 டாலர். ஆப்பிள் ஒன்றும் தர்ம சத்திரம் நடத்தவில்லை. 2003-ல் திறந்த ஐட்யூன்ஸ் கடையில் விற்ற பாட்டுகளுக்கு அவர்களும் பூட்டு போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற எம்பி3-ஐப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொண்டுவா, பாடுகிறேன் என்றது. 1979-ன் வாக்மேன் கேசட்டை வாங்கிக்கொண்ட மாதிரி.

2004 டிசம்பரில்தான் சோனி இறங்கி வந்தது. பிறகு வந்த மாடலான எச்.டி.3 எம்பி3-ஐ நேராகப் பாடியது. அடுத்த மாதம், 2005 ஜனவரி. டோக்கியோவில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் முன்னால் கென் குடராகி பேசினார். பிளேஸ்டேஷனின் தகப்பன் என்று கொண்டாடப்பட்டவர். சோனியில் தானும் மற்றவர்களும் பல வருஷமாக வெறுத்துப்போயிருந்ததாக, மறைக்காமல் சொன்னார். காரணம்? பாட்டு, சினிமா பிரிவுகள் கையில் இருந்ததால் நிர்வாகம் தயங்கியது. ஜப்பானியக் கம்பெனியில் இருந்துகொண்டு இப்படி வெளிப்படையாகப் பேசுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு மாதத்தில் சோனிக்குப் புதுத் தலைவராக ஹோவர்ட் ஸ்ட்ரிங்கரை அறிவித்தார்கள். குடராகிக்கு இயக்குநர் குழுவில் இருந்த இடமும் போனது. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. தேதிகளை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் பாட்டுப் பிரிவு பாடம் படிக்கவில்லை. அதே 2005 அக்டோபர் 31. மார்க் ருஸினோவிச் என்கிற கம்ப்யூட்டர் நிபுணர் தன் மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒளிந்திருந்த ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்தார். வைரஸ்காரர்கள் செய்கிற மாதிரி, விண்டோஸின் கண்ணிலேயே படாமல் உட்கார்ந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போனால், அவர் காசு கொடுத்து வாங்கிய ஒரு பாட்டு சி.டி. வெளியிட்டது சோனி பி.எம்.ஜி. காப்பி எடுப்பதைத் தடுக்க வைத்த காவலாளியாம்! 52 ஆல்பங்களில் அது இருந்தது. வழக்கு, சி.டி.களைத் திரும்பப் பெறுதல், நஷ்ட ஈடு என்று சிரிப்பாய்ச் சிரித்தது. திருட்டுத்தனமாக இன்டர்நெட்டில் எம்பி3 இறக்கியவன் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. யோக்கியமாகக் கடைக்குப் போய் வாங்கியவன் மாட்டிக்கொண்டான்.

சோனி 2004-ல் கனெக்ட் என்று ஒரு இன்டர்நெட் பாட்டுக் கடை திறந்திருந்தது. அங்கே விற்றதெல்லாம் பூட்டிய அட்ராக். 2008 மார்ச்சில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை மூடினார்கள். வாங்கியவர்கள் கதி? மூடும்போது சோனியே ஒரு யோசனை சொன்னது. வாங்கிய பாட்டுகளை வெற்று சி.டி.யில் எரித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த சி.டி.யிலிருந்து எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

படித்தீர்களா? எம்பி3-லிருந்து அட்ராக்குக்கு மாற்று என்று 1999-ல் ஆரம்பித்தவர்கள், ஒன்பதாவது வருஷத்தில் அட்ராக்கிலிருந்து எம்பி3-க்கு மாற்று என்றார்கள். தையல்காரர் கதைதான் மறுபடியும். இந்தத் தடவை எதிர்த் திசையில்.

அதே 2008 ஜனவரியில் சோனி பி.எம்.ஜி.யும் பூட்டில்லாத எம்பி3 விற்க ஒப்புக்கொண்டுவிட்டது. நான்கு பெரிய பாட்டுக் கம்பெனிகளில் கடைசியாக ஒப்புக்கொண்டது அதுதான். எம்பி3-ன் பேடன்ட் காலாவதியாகி, ஃபிரான்ஹோஃபர் தன் லைசென்ஸ் வசூலை 2017 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. எழுதுகிற மினிடிஸ்க் தயாரிப்பையும் 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திவிட்டது.

கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பழைய அட்ராக் வாக்மேன்களும் மினிடிஸ்க்குகளும் இன்னும் ஏராளமான வீடுகளில் இருக்கின்றன. டிராயரில் கிடந்தாலும் பாட்டரி போட்டால் ஓடுகிறது. சோனிக்காரனின் இரும்பு அப்படி. ஓடாமல் போனது சோனிக்ஸ்டேஜ்தான். அது விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்துச் சரக்கு. அதற்காகவே ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறவர்கள் உண்டு.

இவர்களுக்காகச் சம்பளம் இல்லாமல் சிலர் வேலை செய்கிறார்கள். சோனி வெளியிடாத ரகசியங்களை, ஒயரில் போகிற வருகிற பிட்டுகளைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். அட்ராக்கை விரிக்கிற வித்தை எஃப்.எஃப்.எம்பெக் என்கிற இலவச மென்பொருளில் சேர்ந்துவிட்டது. அட்ராக் ஆக்குகிற வித்தையையும் தனியாக எழுதிவிட்டார்கள். வெப் மினிடிஸ்க் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற வேண்டாம். இன்டர்நெட் பார்க்கிற குரோமிலேயே அது திறக்கும். பழைய நெட் எம்.டி. வாக்மேனை ஒயரில் மாட்டி, பாட்டை இழுத்துப் போட்டால், அட்ராக்காக மாற்றி அதுவே அனுப்பிவிடுகிறது. எந்த வடிவத்தில் பாட்டு இருந்தாலும் சரி. எங்கே வாங்கினாய் என்று கேட்பதில்லை. எத்தனை தடவை என்று எண்ணுவதில்லை.

கடைசிப் பாட்டும் போய்ச் சேர்ந்ததும், எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்கிற பொருளடக்கத்தை வாக்மேன் டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும். சில விநாடி பிடிக்கும். திரையில் 'டி.ஓ.சி. எடிட்' என்று மின்னும். அது மின்னி முடிகிற வரை ஆட்டக் கூடாது, பாட்டரியைக் கழற்றக் கூடாது. அந்த எச்சரிக்கை மட்டும் 1992-ல் இருந்தது போல அப்படியே இருக்கிறது.